இன்ஸ்டாலர் பழசானால் 'பழசு' என்றே சொல்லட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பென்டிரைவில் ஒருமுறை இன்ஸ்டாலரை (ஓ.எஸ்., அதாவது இயங்குதளத்தைப் போடும் புரோகிராமை) எழுதி வைத்துக்கொண்டால் எப்போது வேண்டுமானாலும் ஓ.எஸ். போட்டுக்கொள்ளலாம் என்று உங்கள் கணினிப் பக்கத்தில் வந்திருந்தது. பாதிதான் சரி. மீதியையும் சொல்லாவிட்டால், நடுவில் எரர் வந்ததும் நல்ல ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கப் போய்விடுவார்கள், கல்லூரி லேப்களில் வேலை பார்க்கிற எனக்கு இது பழகிப்போன காட்சி.

மேக் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பலர் முன்பே டவுன்லோட் செய்து வைத்திருந்த மொஹாவி, ஹை சியரா என்ற மேக் ஓ.எஸ். பதிப்புகளின் இன்ஸ்டாலர்களுக்குள் இருந்த டிஜிட்டல் சான்றிதழ் (இது ஆப்பிள் தந்ததுதான் என்று காட்டும் முத்திரை) 2019 அக்டோபர் 24 அன்று காலாவதியானது. அதற்கப்புறம் ஓட்டியவர்களுக்குத் திரையில் வந்தது என்ன தெரியுமா? இன்ஸ்டாலர் சேதமடைந்திருக்கிறது, இதை வைத்து இன்ஸ்டால் செய்ய முடியாது என்று. சேதமே இல்லை! ஃபைலில் ஒரு பைட்கூட மாறவில்லை. இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு டெர்மினலில் (கட்டளைகளை டைப் செய்யும் திரையில்) கம்ப்யூட்டரின் தேதியைப் பின்னுக்குத் தள்ளினால் அதே இன்ஸ்டாலர் ஒழுங்காக ஓடியது. ஆப்பிள் புதுச் சான்றிதழோடு திரும்ப வெளியிட்டதை டவுன்லோட் செய்தாலே போதும், ஆனால் சேதம் என்று படித்தவருக்கு அது எப்படித் தோன்றும்? இத்தனைக்கும் 2016 பிப்ரவரியிலேயே இதே மாதிரி ஒரு சான்றிதழ் காலாவதியாகி அப்போதைய இன்ஸ்டாலர்கள் முடங்கியிருக்கின்றன. மூன்று வருஷம் கழித்தும் உண்மையான காரணத்தைத் திரையில் போடாததை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

டெபியன் என்ற லினக்ஸ் ஓ.எஸ்.ஸில் இந்த நேர்மை கொஞ்சம் அதிகம். அதன் நெட்பூட் இமேஜ் (நெட்டை நம்பி ஓடும் இன்ஸ்டாலர் ஃபைல்) சின்னது, கெர்னலும் (ஓ.எஸ்.ஸின் மையப் பகுதி) தொடங்குவதற்கு வேண்டிய கொஞ்சமும் மட்டும் கையோடு வரும், டிஸ்க்கைப் படிப்பதற்கான மாட்யூல்கள் (கெர்னலோடு சேரும் துணைப் பகுதிகள்) போன்றவற்றை டெபியன் ஃபைல்களின் நகலை வைத்திருக்கும் மிரர் சர்வரிலிருந்து எடுத்துக்கொள்ளும். இடையில் டெபியன் ஒரு பாயின்ட் ரிலீஸ் (திருத்தங்கள் சேர்த்த சிறு வெளியீடு) விட்டு மிரரில் கெர்னல் மாறிவிட்டால் உங்கள் பழைய இமேஜுக்கு ஏற்ற மாட்யூல்கள் அங்கே இருக்காது. அப்போது கெர்னல் மாட்யூல்கள் கிடைக்கவில்லை, இன்ஸ்டாலரின் கெர்னலும் சர்வரில் இருப்பதும் பொருந்தாததுதான் அநேகமாகக் காரணம் என்று அதுவே சொல்லிவிடுகிறது. புது இமேஜ் எடுத்தால் வேலை முடிந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டெபியனைப் பொறுத்தவரை முழுக்கப் பழசாக இருந்தால் பெரிதாகப் பிரச்சினை இல்லை. இன்ஸ்டால் செய்யத் தேவையான பேக்கேஜ்கள் (மென்பொருள் தொகுப்புகள்) உள்ளேயே இருக்கும் டெபியன் டிவிடியை நெட் இல்லாமல் இன்றைக்கும் போடலாம், செக்யூரிட்டி அப்டேட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பாதி கையிலிருக்கும் பழசு, பாதி நெட்டிலிருந்து வரும் புதுசு என்று கலக்கும்போதுதான் அங்கே உடைகிறது. லேப்களில் இப்படிப் பழசும் புதுசும் கலந்துபோக இன்னொரு வழியும் உண்டு: நமக்கும் நெட்டுக்கும் இடையில் இருக்கும் ப்ராக்ஸி சர்வர். மிரரில் உள்ள பட்டியல்களின் விவரம் அடங்கிய ரிலீஸ் ஃபைலைப் புதிதாகக் கொண்டுவரும், அது குறிப்பிடும் பேக்கேஜ் பட்டியலை மட்டும் தன் கேஷிலிருந்து (முன்பே சேமித்து வைத்ததிலிருந்து) பழசாக எடுத்துத் தரும். செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்தைச் சரிபார்க்கும் எண்) ஒத்துப்போகாமல் 'ஹாஷ் சம் மிஸ்மேட்ச்' என்று நின்றுவிடும். உடனே பென்டிரைவை மாற்றுவார்கள், ராமைக் கழற்றிப் பார்ப்பார்கள், ப்ராக்ஸி பக்கம் யாரும் போவதில்லை. பட்டியலின் செக்சமையே அதன் ஃபைல் பெயராக வைக்கும் முறை டெபியனில் பேக்கேஜ்களை எடுத்துப் போடும் புரோகிராமான ஆப்ட்டில் வந்தபின் இது வெகுவாகக் குறைந்திருக்கிறது, பெயரே வேறு என்பதால் பழசைத் தர ப்ராக்ஸியால் முடியாது. நல்ல வேலை அது.

எனவே உங்கள் பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். இன்ஸ்டாலரை எழுதிய தேதியைப் பென்டிரைவின் மேலேயே குறித்து வைக்கச் சொல்லுங்கள், எரர் வந்தால் எந்தப் பாகத்தையும் கழற்றுவதற்கு முன் கம்ப்யூட்டரின் தேதி சரியா என்று பார்த்துவிட்டு, அந்த ஓ.எஸ்.ஸை வெளியிடுபவர்களின் தளத்திலிருந்தே புது இமேஜை எடுத்து ஒருமுறை முயன்று பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீஷியன், திருநெல்வேலி