சங்கிலியை வெட்டாமல்

அன்புள்ள மகளுக்கு,

தாவர எண்ணெயிலிருந்து பிளாஸ்டிக் செய்யும் ஆய்வில் சேரப்போவதாக நீ எழுதியிருந்ததைப் படித்து மகிழ்ந்தேன். எண்ணெயில் நீண்ட கார்பன் சங்கிலி ஏற்கெனவே இருக்கும்போது இதில் என்ன சிரமம் என்று கேட்டிருந்தாய். பாடம் நடத்தியே பழகியவனுக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது, பொறுத்துக்கொள்.

பிளாஸ்டிக் உருவாக மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள வேண்டும்; அதற்கு இரு முனைகளிலும் பிடிமானம் வேண்டும். எண்ணெயில் இருக்கும் கொழுப்பு அமிலத்தின் ஒரு முனையில்தான் அமிலத் தொகுதி இருக்கிறது. மறுமுனை எளிதில் வினைபுரியாது. பல எண்ணெய்களில் உள்ள கொழுப்பு அமிலமான ஒலியிக் அமிலத்தின் 18 கார்பன்களில் இரட்டைப் பிணைப்பு (இரு கார்பன்களுக்கிடையே எளிதில் வினைபுரியும் இணைப்பு) சரியாக நடுவில் அமைந்திருப்பதால், அங்கே வெட்டுவதே பழைய வழி. ஓசோனால் வெட்டும்போது 9 கார்பன் கொண்ட அசெலாயிக் அமிலம் இரு முனைகளிலும் பிடிமானத்துடன் கிடைக்கும். மற்றப் பாதியான பெலார்கோனிக் அமிலத்துக்கு ஒரு முனையில்தான் பிடிமானம் என்பதால் அது சங்கிலியில் சேராது. ஆமணக்கெண்ணெயிலிருந்து நைலான் 11 என்ற பிளாஸ்டிக்கைச் செய்யும்போதும் 7 கார்பன்கள் தனியே பிரிந்துவிடுகின்றன. அவற்றுக்கும் சந்தை உண்டு என்றாலும், செடி முழுதாகக் கட்டிய சங்கிலியை நாம் துண்டாக்குவது எனக்கு உவப்பாயில்லை.

ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டீஃபன் மெக்கிங் குழுவினர் செய்த வேலையை நீ முதலில் படிக்க வேண்டும். பல்லேடியம் என்ற உலோகத்தாலான வினையூக்கி இரட்டைப் பிணைப்பைச் சங்கிலி நெடுக நகர்த்துகிறது; அது கடைசிக் கார்பனை எட்டும்போது கார்பன் மோனாக்சைடும் மெத்தனாலும் அங்கே சேர்ந்துகொள்கின்றன. எந்த நேரத்திலும் மிகச் சில மூலக்கூறுகளில்தான் பிணைப்பு முனையில் இருக்கும். ஆனால் வினை பெரும்பாலும் அங்கேயே நடப்பதால் மற்றவையும் படிப்படியாக முனைக்கு வந்து சேர்கின்றன. (இதைவிட நேர்த்தியான வேதியியலை நான் அதிகம் கண்டதில்லை.) முடிவில் ஒரு கார்பனும் வீணாகாமல் கார்பன் மோனாக்சைடின் கார்பனும் சேர்ந்து 19 கார்பன் சங்கிலி கொண்ட டைஎஸ்டர், அதாவது இரு முனைகளிலும் பிடிமானம் உள்ள மூலக்கூறு, கிடைக்கிறது. இவ்வளவு நீண்ட அலகுகளைக் கோத்துச் செய்யும் பாலியெஸ்டர், பைகள் செய்யப் பயன்படும் பாலிஎத்திலீனைப் போலவே படிகமாகிறது. 18 கார்பன் அலகுகள் கொண்ட அத்தகைய பொருளை ஆல்கஹாலில் சிதைத்து, மூல அலகுகளில் 96 விழுக்காட்டுக்கும் மேல் மீட்டதாக 2021இல் அதே குழு வெளியிட்டது.

செடியிலிருந்து வந்ததாலேயே ஒரு பிளாஸ்டிக் மண்ணில் மக்கிவிடும் என்று மட்டும் எழுதிவிடாதே. நைலான் 11 முழுவதும் ஆமணக்கிலிருந்து வந்தும் மக்குவதில்லை.

சேர்ந்ததும் உன் வழிகாட்டியிடம் இரண்டு கேள்விகள் கேள்: விலையுயர்ந்த பல்லேடியத்தை எத்தனை முறை மீட்டுப் பயன்படுத்த முடிகிறது? எண்ணெயில் கலந்திருக்கும் லினோலிக் அமிலத்தின் இரண்டு இரட்டைப் பிணைப்புகள் வினையை எந்த அளவு தாமதப்படுத்துகின்றன? அவர் சொல்லும் பதிலை எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா