மூன்று பஸ் ஒன்றாக வேண்டாம், ஒவ்வொன்றாக அனுப்புங்கள்

கோவை டவுன் பஸ்களுக்கு நேரம் போட்டுக் கொடுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கமுங்க. போன செவ்வாய்க்கிழமை காலை பீளமேட்டில் உக்கடம் பஸ்ஸுக்காக 40 நிமிடம் நின்றோம். அப்புறம் வந்தது ஒன்றல்ல, மூன்று. முதல் வண்டியில் படி வரைக்கும் தொங்கல், அடுத்ததில் கண்டக்டரும் நாலைந்து பேரும், மூன்றாவது நிற்கவே இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா ஒப்பணக்காரத் தெருவில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். ஒன்பதரைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் அரை நாள் சம்பளம் போச்சு, அன்றைக்கும் போச்சு. 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் கிடையாது, நல்ல திட்டம், குறை சொல்ல வாய் வராது. ஆனால் அந்த ஓசிப் பயணத்துக்கு அவர் கொடுக்கிற விலை அரை நாள் கூலியாக இருக்கிறது. இப்போது மகன் தவணையில் மொபெட் எடுத்துக் கொடுத்துவிட்டான். உங்களுக்கு ஒரு பயணி போனார், அவிநாசி சாலையில் ஒரு வண்டி கூடியது, அதனால் நாளைக்கு உங்கள் பஸ் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போகும்.

டிராஃபிக் என்று சொல்லிவிடாதீர்கள். முன் வண்டி எங்கோ ரெண்டு நிமிடம் பிந்தினால் அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் சேரும், ஏற்றி இறக்க இன்னும் பிந்தும், கட்டணம் மாறுகிற ஸ்டேஜ் வருவதற்குள் டிக்கெட் போட்டு முடிக்கக் கண்டக்டர் வண்டியை மெதுவாக உருட்டச் சொல்வார், பின்னால் வருகிறவருக்கு ஏற்ற ஆளே இல்லாததால் அவர் விரட்டி வந்து இதன் வாலைப் பிடித்துக்கொள்வார். இது உங்களுக்குத் தெரியாததா? ஆறு பஸ் ஓடும் தடத்தில் போய்வர 120 நிமிடம் என்றால் 20 நிமிடத்துக்கு ஒன்று வரும். அதுவே 150 ஆனால் 25 நிமிடத்துக்கு ஒன்றுதான். ஒரு பஸ்ஸையும் நிறுத்தவில்லை என்று நீங்கள் சொல்லலாம், எங்களுக்கோ ஒரு பஸ் காணாமல் போன கணக்கு.

காருக்கு மட்டும் குறை இல்லை. அவிநாசி சாலைக்கு மேலே 10 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளத்துக்குப் பாலம் கட்டி 2025 அக்டோபரில் திறந்தாயிற்று, மேலே பறக்கலாம். நிறுத்தமெல்லாம் கீழே இருப்பதால் டவுன் பஸ்ஸில் போகிற நாங்கள் தூணை எண்ணிக்கொண்டே போகிறோம். சரி, பாலம் உங்கள் பொறுப்பில்லை, விடுங்கள்.

புது வண்டி கேட்கவில்லைங்க, இருக்கிறதை இடைவெளி விட்டு அனுப்புங்கள் என்றுதான் கேட்கிறோம். லட்சுமி மில்ஸ் நிறுத்தத்தில் காலை 8 முதல் 10 வரை ஒரு டைம் கீப்பரை நிறுத்தி, ஒட்டிக்கொண்டு வருகிற பின் வண்டியை நாலு நிமிடம் பிடித்து வைத்து விடச் சொல்லுங்கள். ஒரு மாதம் செய்து பாருங்கள். தயவுசெய்து, மூன்றையும் சேர்த்து அனுப்பாதீர்கள்.

நன்றிங்க.
பீளமேடு நிறுத்தத்தில் நிற்கிற ஒருவன்