மறை விழுந்த குட்டிக்கு என்ன விலை? ராஜபாளையம் நாய் வளர்ப்போருக்கு ஒரு திறந்த மடல்

ராஜபாளையம் இன நாய்களைத் தலைமுறைகளாகக் காத்து, குட்டி எடுத்து விற்றுவரும் பெரியோர்களுக்கும், அண்மையில் இத்தொழிலுக்கு வந்திருக்கும் இளைஞர்களுக்கும் வணக்கம்.

ஓர் ஈத்தில் பிறக்கும் குட்டிகள் அத்தனையும் பால் வெள்ளையாகவும் ரோஜா நிற மூக்கோடும் பிறந்துவிடுவதில்லை என்பது நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஒன்றுக்குக் காதில் கறுப்பு மறை, அதாவது நிறத் திட்டு, இருக்கும். இன்னொன்றுக்கு மூக்கில் பாதி கறுத்திருக்கும். மற்றொன்றுக்கு விலாவில் செவலைத் திட்டு இருக்கும். இப்படிப்பட்ட குட்டிகளுக்கு என்ன விலை வைக்கிறோம், அவற்றை யார் கையில் கொடுக்கிறோம் என்பதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன். நான் கேட்பது இதுதான்: பார்வைக்கு மட்டுமே குறையாக இருப்பதற்காக ஒரு குட்டியை அடிமாட்டு விலைக்கோ சும்மாவோ தள்ளிவிடாதீர்கள்; உடலுக்குள் இருக்கும் குறையை அழகு என்று சொல்லி விலையை ஏற்றவும் செய்யாதீர்கள்.

மறைக்குட்டியைப் பார்த்ததும் வாங்க வருபவர் முதலில் கேட்பது "இது கலப்பா?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு அஞ்சியே நம்மில் பலர் அக்குட்டியைக் கொட்டடியின் பின்பக்கம் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் தாயும் தகப்பனும் சுத்த வெள்ளையாக இருந்தாலும் மறைக்குட்டி பிறக்கும். ஒவ்வொரு வெள்ளை நாயின் மரபிலும் கறுப்போ செவலையோ ஏதோ ஒரு நிறம் உறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. கரு வளரும்போது நிறமணுக்கள் முதுகுத்தண்டின் பக்கமிருந்து கிளம்பி உடலெங்கும் பரவ வேண்டும். அவை போய்ச் சேராத தோல் வெள்ளையாகவே நின்றுவிடுகிறது. ஒரு குட்டியில் அவை காதையோ விலாவையோ எட்டிவிட்டால் அந்த இடத்தில் மறை தெரிகிறது, அவ்வளவுதான். வேற்று இரத்தம் கலந்ததற்கு மறை சான்றாகாது. முற்காலத்தில் இந்த இனத்தில் கறுப்பும் பழுப்பும் புள்ளியும் கொண்ட நாய்கள் இருந்திருக்கின்றன. வெள்ளைக்கு இருந்த மதிப்பினால் நிறக்குட்டிகள் பிறந்தவுடனேயே கழிக்கப்பட்டன. அண்டையிலுள்ள சிப்பிப்பாறை நாயில் பல நிறங்களையும் மனமுவந்து ஏற்றுக்கொள்ளும் நம் வட்டாரம், ராஜபாளையத்தில் மட்டும் இத்தனை கறாராக இருந்துவந்திருக்கிறது.

2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய் இனங்கள் நான்குக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது அவற்றுள் ராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் இந்த இனத்தின் பெயரைச் சொன்னார். இந்தப் புகழ் நமக்குப் பெருமைதான். ஆனால் புகழோடு சேர்ந்து, கைப்பேசியில் படத்தை மட்டும் பார்த்து முன்பணம் அனுப்புகிறவர்களும் வந்தார்கள். படத்தில் வெள்ளைதான் தெரியும். அந்தக் குட்டிக்குக் காது கேட்கிறதா என்பது தெரியாது.

நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். தோலுக்கு நிறம் தரும் அதே வகை அணுக்கள் உட்செவியிலும் இருக்கின்றன. நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும் செவிக்குழலின் சுவரில் அவை இல்லாவிட்டால் அங்கே இரத்த ஓட்டம் குன்றி, பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை உணரும் அணுக்கள் மடிந்துவிடுகின்றன. அதன்பின் எந்த மருந்தாலும் அவற்றை மீட்க முடியாது. வெள்ளை உடலில் புள்ளிகள் கொண்ட டால்மேஷன் இனத்தில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட டால்மேஷன்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 நாய்களுக்கு ஒரு காதாவது கேட்பதில்லை. அவற்றுள் நீலக்கண் கொண்டவற்றில் செவிட்டுத்தன்மை கூடுதலாகவும், பிறக்கும்போதே மறையோடு பிறந்தவற்றில் குறைவாகவும் காணப்பட்டது. அப்படியிருந்தும் கண்காட்சியில் தகுதி இழப்பது அந்த மறை நாய்தான். ராஜபாளையத்திலும் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதை நம் ஊரில் அறியாதவர் இல்லை. வெளியே சொல்பவர்தான் குறைவு. இவ்வளவு தெரிந்த பிறகும், நீலநிறப் பூனைக்கண் குட்டியை "அபூர்வம்" என்று விளம்பரம் செய்து கூடுதல் விலை கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

தெரிந்தவர் ஒருவர் வீட்டில், ஐந்து வாரம் கடந்த குட்டிகள் சாக்கின் மீது ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தபோது, அவற்றின் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்த்தேன். காதில் கறுப்பு மறை உள்ள பெண்குட்டி சட்டென்று தலையைத் தூக்கித் திரும்பியது. மற்றவை ஒவ்வொன்றாக அசைந்து எழுந்தன. எல்லாவற்றிலும் அழகான வெள்ளைக் கடுவன் (ஆண்குட்டி) மட்டும், கூடப் பிறந்தது அதன் முகத்தை மிதித்துக்கொண்டு போன பிறகுதான் கண்ணைத் திறந்தது. முதலில் முன்பணம் வந்திருந்தது அந்தக் கடுவனுக்குத்தான். மறைக்குட்டியை யாரும் கேட்கவில்லை. கூட்டமாக இருக்கும்போது செவிட்டுக் குட்டி மற்றவற்றைப் பார்த்துத் தானும் எழுந்து ஓடிவிடும் என்பதால், ஒவ்வொன்றையும் தனியே பிரித்து, காற்றும் அதிர்வும் படாமல், பின்பக்கமிருந்து ஒலி எழுப்பிப் பார்க்க வேண்டும். ஒரு காது மட்டும் கேளாததை இந்த முறையில் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு மூளையின் மின் அலையைப் பதிவு செய்யும் சோதனை தேவை, அது நமக்கு எளிதில் கிடைப்பதில்லை. ஆயினும் இரு காதும் கேளாத குட்டியைக் கண்டறியச் சாவிக்கொத்தும் பொறுமையும் போதும்.

விலை விஷயத்துக்கு வருகிறேன். மறைக்குட்டி குடித்ததும் அதே தாய்ப்பால்தான். பூச்சி மருந்துக்கும் தடுப்பூசிக்கும் ஆன செலவும் ஒன்றுதான். வீட்டுக் காவலுக்கும் துணைக்கும் நாய் தேடுபவருக்கு மூக்கு ரோஜா நிறமாக இருந்தாலும் கறுத்திருந்தாலும் பயன் ஒன்றே. ஆகவே ஓர் ஈத்தின் நலமான குட்டிகள் அனைத்துக்கும் ஒரே அடிப்படை விலையை வையுங்கள். கண்காட்சிக்கும் இனவிருத்திக்கும் தகுந்தது என்று நீங்கள் கருதும் குட்டிக்கு அதற்கு மேல் கேட்பது உங்கள் உரிமை. அதையும் குட்டி வளர்ந்து உடற்கட்டு தெரிந்த பிறகு கேட்பதே நேர்மை. எட்டு வாரத்தில் வெள்ளையாக இருக்கும் தோலில் பின்னால் புள்ளி தோன்றலாம், மூக்கின் நிறமும் மாறலாம். அந்த வயதில் "கண்காட்சித் தரம்" என்று உறுதி கொடுக்க நம்மில் எவராலும் இயலாது. விதை இறங்காத கடுவன், தாடை பொருந்தாத குட்டி, தொப்புளில் குடலிறக்கம் உள்ள குட்டி ஆகியவற்றை அழகுக் குறைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவற்றை மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்னதை எழுத்தில் கொடுத்து, சிகிச்சைக்கு ஆகும் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

சும்மா கொடுப்பது இரக்கம் என்று பலர் எண்ணுகிறார்கள். காசு கொடுக்காமல் வந்த நாய்க்கு ஊசி போடவும் மனம் வராத வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்; வேட்டைக்காக ஓடிப் பழகிய இனத்தின் வாரிசு, தென்னந்தோப்பில் இரண்டு முழச் சங்கிலியில் ஆயுளைக் கழிப்பதையும் பார்த்திருக்கிறேன். மறைக்குட்டியைக் கேட்டு வருபவரிடமும் வெள்ளைக் குட்டிக்குக் கேட்கும் அதே கேள்விகளைக் கேளுங்கள்: சுற்றுச்சுவர் இருக்கிறதா, நாள்தோறும் ஓடவிட இடமும் ஆளும் உண்டா, ஒரே ஆளிடம் ஒட்டிக்கொள்ளும் இந்த இனத்தின் குணம் அவருக்குத் தெரியுமா? குட்டி பொருந்தாவிட்டால் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்லி அனுப்புங்கள். தெருவில் விட்டுவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதை வாங்குபவரும் அறிந்திருக்கட்டும், விற்பவரும் மறவாதிருக்கட்டும்.

செவிட்டுக் குட்டியை விற்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். கைச்சைகையால் பழக்கி, கயிறின்றி வெளியே விடாமல், தூக்கத்தில் திடீரென்று தொட்டு எழுப்பாமல் வளர்க்கத் தெரிந்த, சிறு பிள்ளைகள் இல்லாத ஒரு வீட்டை அதற்குத் தேடிக் கொடுங்கள். அப்படி வீடு கிடைக்கும்வரை அது உங்கள் பொறுப்பிலேயே இருக்கட்டும். அதைப் பெற்ற ஜோடியை மறுபடி சேர்க்காதீர்கள்.

இனவிருத்திக்கு வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்த குட்டிகளுக்கு, கருத்தடை செய்வதாக வாங்குபவரிடம் கையெழுத்து வாங்குங்கள். நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான அமெரிக்கக் கென்னல் கிளப்பில் இதற்கென்றே ஒரு பதிவு முறை உண்டு: நாய்க்குத் தூய இனம் என்ற பதிவு கிடைக்கும், அதன் குட்டிகளுக்குக் கிடைக்காது. நம் பதிவு அமைப்புகளிடம் இத்தகைய முறையை நாமே சேர்ந்து கேட்கலாம். அது வரும்வரை உங்கள் கையெழுத்திட்ட ஒரு தாள் போதும். அதில் பிறந்த தேதி, பெற்றோர் விவரம், போட்ட ஊசிகள், மறை எங்கே இருக்கிறது, காது சோதித்த நாள் ஆகியவை இருக்கட்டும். நாய் இனவிருத்தி, விற்பனை குறித்த 2017ஆம் ஆண்டு மத்திய விதிகள், எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. அந்த எட்டு வாரமும் நமக்குச் சாதகமே: காது தெரிந்துவிடும், குணம் தெரிந்துவிடும், யாருக்கு எந்தக் குட்டி பொருந்தும் என்பதும் தெரிந்துவிடும்.

அடுத்த ஈத்துக்கு விளம்பரம் போடும்போது மறைக்குட்டியின் படத்தையும் மற்றவற்றோடு சேர்த்து, அதே விலையில் போடுங்கள். "கலப்பா?" என்று கேட்பவருக்கு மேலே சொன்ன விளக்கத்தை நீங்களே சொல்லலாம், சொல்லத் தயங்கினால் இந்த மடலைக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
விருதுநகர் மாவட்டத்திலிருந்து, உங்களைப் போலவே ராஜபாளையம் நாய் வளர்க்கும் ஒருவர்