பன்றி தானாக விழுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் காட்டுப்பன்றித் தொல்லை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஒடுகத்தூர் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரத்தில் நிலக்கடலை போடுகிறவன் நான். பிஞ்சு வைத்த கொல்லையில் பன்றிக் கூட்டம் இறங்கினால் விடிவதற்குள் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வேதனையை எழுதியதற்கு நன்றி. ஆனால் கட்டுரை முழுக்க 'அப்புறப்படுத்துதல்', 'கட்டுப்படுத்துதல்' என்றே வருகிறது. கொல்வது என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. அது எனக்கு உறுத்தியது.

எங்கள் ஊர்ப் பக்கம் வேட்டைக்குப் போகிறவர்கள் வேட்டை என்ற சொல்லையே வாயில் எடுக்க மாட்டார்கள். 'முயலுக்குப் போறோம்', 'காடைக்குப் போயிருந்தான்' என்பார்கள், கடைக்குப் போய்வருகிற மாதிரி. திரும்பி வந்தால் 'ஒண்ணு மாட்டுச்சு', 'ரெண்டு விழுந்துச்சு', 'ஒரு உருப்படி கெடச்சுது'. இந்தப் பேச்சில் மனிதனே இல்லை, கவனித்தீர்களா? முயல் தானாக மாட்டுகிறது, பன்றி தானாக விழுகிறது. கண்ணி கட்டியவன், நாட்டுத் துப்பாக்கியில் மருந்து இடித்தவன், வரப்போரம் கரண்ட் கம்பி இழுத்தவன் எல்லோரும் வாக்கியத்தை விட்டு நழுவிவிடுகிறார்கள். 'நான்தான் அடிச்சேன்' என்று ஒருவன் சொன்னால், செய்தது தப்பானாலும் அவன் பேச்சில் ஒரு நேர்மை இருக்கிறது.

இந்தப் பேச்சு பத்திரிகைக்கும் வந்துவிடுகிறது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே 3 பெண் யானைகள் செத்தன, 2 குட்டிகள் தாயில்லாமல் நின்றன. எல்லோருக்கும் நினைவிருக்கும். 'மின்வேலியில் சிக்கி' என்றுதான் அதைப் பேசினோம், எழுதினோம். பன்றிக்காக ஒருவர் சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பி அது. யானைகள் போய்ச் சிக்கவில்லை. மின்சாரம் வைத்துக் கொல்லப்பட்டன.

நாட்டு வெடியை எடுத்துக்கொள்ளுங்கள். கோவைப் பக்கம் அதற்கு அவுட்டுக்காய் என்று பெயர். கேட்டால் ஏதோ காய்கறி என்று தோன்றும். தின்பண்டத்துக்குள் வெடிமருந்தைப் பொதிந்து பன்றி வரும் தடத்தில் போடுவார்கள். கடித்தால் தாடை சிதறும். பன்றி அங்கேயே செத்தால் 'விழுந்துச்சு'. வாய் கிழிந்து புதருக்குள் ஓடிவிட்டால் 'தப்பிச்சிடுச்சு'. எதைத் தப்பித்தது? தாடையில்லாத பிராணி எதைத் தின்னும், எப்படித் தண்ணீர் குடிக்கும்? பட்டினி கிடந்து எங்கோ ஒரு ஓடையில் சாகும். 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணி யானை இப்படித்தான் வெடியைக் கடித்து, பல நாள் தின்ன முடியாமல், ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே உயிரை விட்டது. யானை என்பதால் நாடே அழுதது. அதே வெடியைக் கடித்துவிட்டு ஓடும் பன்றிகளை யாரும் கணக்கில் வைப்பதில்லை. வெடி போட்டவன் கணக்கில் அது 'தப்பிச்சது', அவ்வளவுதான்.

சட்டம் இந்த நழுவலுக்கு இடம் தரவில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டும் அல்ல. விஷம் வைப்பது, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, துரத்துவது, இரை போட்டு இழுப்பது எல்லாம் வேட்டை. பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவது, கூட்டைக் கலைப்பதுகூட வேட்டைதான். கொல்லவோ பிடிக்கவோ முயன்றாலே போதும். 'சும்மா கண்ணிதாங்க வச்சேன், ஒண்ணும் மாட்டல' என்று சொல்கிறவர் தான் வேட்டையாடினேன் என்று ஒப்புக்கொள்கிறார், அவருக்கே அது தெரியாது. இதே சட்டம் முதலில் வந்தபோது 'ஸ்மால் கேம்', 'பிக் கேம்', அதாவது சிறு வேட்டை விலங்கு, பெரு வேட்டை விலங்கு என்று பட்டியல் போட்டு வேட்டைக்கு உரிமம் கொடுத்தது. 1991 திருத்தத்தோடு அந்தக் காலம் முடிந்தது. ஊர்ப் பேச்சு மட்டும் அங்கேயே நிற்கிறது.

அமெரிக்காவில் மாநில வனவிலங்குத் துறைகளே மான் சுடுவதை 'ஹார்வெஸ்ட்', அதாவது அறுவடை என்று கணக்கெழுதுகின்றன. அங்கே உரிமம் உண்டு, பருவம் உண்டு, ஆளுக்கு இத்தனை என்ற வரம்பு உண்டு. அப்படி இருந்தும் அந்தச் சொல் பிடிக்காமல், கொன்றதைக் கொன்றேன் என்றே சொல்ல வேண்டும் என்கிற வேட்டைக்காரர்கள் அங்கேயே இருக்கிறார்கள். எனக்கு அவர்கள் பேச்சு புரிகிறது. நான் போட்ட கடலையை நான் பிடுங்கினால் அது அறுவடை. மலையில் திரியும் மானை யார் விதைத்தது?

நம் பழைய வட ஆர்க்காட்டு மண்ணில் இப்படி மழுப்புகிற வழக்கம் இல்லை. செங்கம் பக்கத்து நடுகற்களில் வீரன் 'பட்டான்', அதாவது செத்தான் என்று நேராகவே வெட்டி வைத்திருக்கிறார்கள். பன்றியோடு மோதிச் செத்தவனுக்கு நட்ட கல்லைப் பன்றிகுத்திப்பட்டான் கல் என்கிறோம். குத்தியது யார், செத்தது யார் எல்லாம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. அவன் பயிரையும் ஊரையும் காக்கத் தன் உயிரைக் கொடுத்தவன். தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு, கண் கூசி நிற்கும் முயலைச் சுடுகிறவனை அவனோடு சேர்த்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நரிக்குறவரோ இருளரோ பிடிபட்டால் செய்தியில் 'வேட்டைக் கும்பல்'. ஊரிலிருந்து காரில் வந்து சுடுகிறவர்கள் பிடிபட்டால் 'நண்பர்கள்', 'இளைஞர்கள்'. வேட்டையை நம்பி வாழ்ந்து, அதை இழந்து, பாசிமணி விற்றுப் பிழைக்கிற மக்களுக்குக் கடுமையான சொல்லும், பொழுதுபோக்குக்குக் கொல்கிறவர்களுக்கு மென்மையான சொல்லும் கொடுப்பது நியாயமே இல்லை.

பன்றியைச் சுடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு வரையறை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் மட்டும் சுடலாம். ஒரு விவசாயியாக இதை ஏற்கிறேன். ஆனால் சுடும்போது 'சுட்டுக் கொல்கிறோம்' என்று அரசும் சொல்லட்டும், நீங்களும் எழுதுங்கள். எத்தனை கொன்றார்கள், ஏன் கொன்றார்கள், குட்டியோடு இருந்ததா என்று அப்போதுதான் யாராவது கேட்பார்கள். 'அப்புறப்படுத்தினோம்' என்றால் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

பொங்கல் வரப்போகிறது. காணும் பொங்கலை ஒட்டி முயலுக்குப் போகிறவர்கள் இந்த வருடமும் போவார்கள், செய்தியும் வரும். தயவுசெய்து 'கறி விருந்து', 'சமைத்து ருசித்தனர்' என்று எழுதாதீர்கள். எதை வைத்துக் கொன்றார்கள் என்று எழுதுங்கள். கண்ணி வைத்தாலே குற்றம் என்பதையும், கண்ணியையோ கரண்ட் கம்பியையோ பார்த்தால் பக்கத்து வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லலாம் என்பதையும் கூடவே போடுங்கள். பண்டிகைக்கு முந்தின இதழிலேயே வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு நிலக்கடலை விவசாயி,
ஒடுகத்தூர், வேலூர் மாவட்டம்