மண்வெட்டிக்கு முன் நாட்காட்டி: பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

தலைமையாசிரியர் அவர்களுக்கும், மேலாண்மைக் குழுவினருக்கும், தோட்டக் குழுவில் பெயர் கொடுத்திருக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும்,

வணக்கம்.

மைதானத்தின் ஓரத்தில் காய்கறித் தோட்டம் போடப்போவதாக வந்த சுற்றறிக்கையைப் பார்த்தேன். என் மகள் உங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அதோடு, நான் முன்பு வேறொரு பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவன். அங்கே ஒரு தோட்டத்தைச் சாகவிட்டவனும்கூட. இந்த மடலை எழுத எனக்கு இருக்கும் முக்கியமான தகுதி அந்தக் கடைசி விஷயம்தான்.

அந்தத் தோட்டத்தின் திறப்பு விழா பிரமாதமாக நடந்தது. பாத்திக்குப் பாத்தி பெயர்ப்பலகை, பிள்ளைகள் கையில் புது மண்வெட்டி, வரிசையாக நின்று புகைப்படம். தக்காளி பூத்துப் பிஞ்சு பிடித்த வாரத்தில் ஆண்டு விடுமுறை வந்தது. யாராவது தண்ணீர் ஊற்றுவார்கள் என்று எல்லோரும் நினைத்தோம். திரும்பிப் போனபோது செடிகள் குச்சியில் கட்டியது கட்டியபடியே சருகாகி நின்றன. கயிற்றின் முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை, அவ்வளவு கவனமாகக் கட்டியிருந்தார்கள். தண்ணீர்க் குழாய் அறையின் சாவி என் மேசை இழுப்பறையில் கிடந்தது.

அதனால்தான் கேட்கிறேன்: மண்வெட்டி வாங்குவதற்கு முன் பள்ளி நாட்காட்டியை எடுத்து மேசைமேல் விரியுங்கள். முள்ளங்கியும் கீரையும் விதைத்த 25, 30 நாளில் கைக்கு வந்துவிடும். வெண்டையும் செடி பீன்ஸும் 50 நாளாவது கேட்கும். தக்காளிக்கு நாற்று நட்ட பிறகே 60 முதல் 80 நாள் வேண்டும். நாற்றங்காலில் போகும் நான்கைந்து வாரம் தனி. விடுமுறை தொடங்கும் தேதியிலிருந்து பின்னால் எண்ணி விதைக்கும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். பருவம் தொடங்கும்போதே தக்காளி, நடுவில் பீன்ஸ், தேர்வு நெருங்கும்போது வெறும் கீரை. நீண்ட விடுமுறைக்கு முன் பாத்தியைக் காலி செய்து, காய்ந்த இலைதழைகளை நான்கு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போட்டுவிடலாம். அந்த இரண்டு மாதம் தோட்டம் சும்மா கிடந்தால் யாருக்கும் அவமானம் இல்லை.

விடுமுறையிலும் பச்சை தெரிய வேண்டும் என்று குழுவில் யாராவது சொன்னால், அவர் பெயரையே தண்ணீர்ப் பட்டியலில் முதலில் எழுதுங்கள். நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டர் பாத்தி நாளொன்றுக்கு 5 லிட்டர் வரை குடிக்கும். சுற்றறிக்கையில் நீங்கள் போட்டிருக்கும் 200 சதுர மீட்டருக்கு 1000 லிட்டர், அதாவது பத்து லிட்டர் வாளியில் நூறு நடை. முதல் ஆண்டுக்கு 20 சதுர மீட்டர் போதும். பத்து வாளியோடு முடிந்துவிடும். 100 சதுர மீட்டர் கூரைமேல் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1000 லிட்டர் விழுகிறது; சிதறியது, ஆவியானது போக மிச்சத்தைத் தொட்டியில் பிடிக்கலாம். இந்தக் கணக்கைக் கணித ஆசிரியரிடம் விட்டுவிடுங்கள், அவருக்கும் தோட்டத்தில் ஒரு பங்கு இருக்கட்டும்.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆறு மணி நேரமாவது நேர்வெயில் படவேண்டும். பாத்தி அகலம் 1.2 மீட்டரைத் தாண்டினால் நடுவில் களையெடுக்கப் பிள்ளைகள் மண்ணை மிதித்துத்தான் ஆகவேண்டும். ஒன்றே ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருப்பேன். பழைய கட்டடத்தின் சுவரை ஒட்டிப் பாத்தி வேண்டாம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருந்திருக்கலாம். உதிர்ந்த ஈயம் மேல்மண்ணிலேயே தங்கிவிடும், மக்கி மறையாது. மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது ஈயத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பச்சைச் சாணத்தை அப்படியே போடுவதும் கூடாது. நன்றாக மக்கிய எரு மட்டும்.

அடுத்து, பாடவேளை. 45 நிமிட வகுப்பில் கருவிகளை எடுத்து வரவும், திரும்ப வைத்துக் கை கழுவவும் கால் மணி நேரம் போய்விடும். வாரத்தில் ஒருநாள் இரண்டு பாடவேளைகளைச் சேர்த்துக் கொடுத்தால்தான் வேலை நடக்கும். ‘பள்ளி முடிந்ததும் ஆர்வமுள்ளவர்கள் வரலாம்’ என்று விட்டால் மூன்றாவது வாரம் நான்கு பேர்தான் வருவார்கள், எங்களுக்கு வந்ததுபோல. தாமதமாக வந்த பிள்ளையைக் களை பிடுங்க அனுப்பும் பழக்கம் மட்டும் தொடங்கிவிட வேண்டாம். தோட்டம் ஒருமுறை தண்டனையானால் பிறகு அது தண்டனைதான்.

ஜெர்மனியில் 1840இல் ஃபிரோபெல் என்ற கல்வியாளர் தன் பள்ளிக்குக் குழந்தைகளின் தோட்டம் என்று பொருள்படக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார். சின்னஞ்சிறுசுகளுக்குப் பெயரிலாவது தோட்டம் இருக்கிறது. ஆனால் மண்ணில் நடப்பதை உள்ளபடி புரிந்துகொள்ளும் வயது உயர்வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான். எங்கள் தோட்டத்தில் பூக்கும் பருவத்தில் ஒரு பீன்ஸ் செடியை வேரோடு தோண்டி எடுத்து வாளித் தண்ணீரில் அலசினோம். வேரெல்லாம் குண்டூசித் தலை அளவில் முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. “சார், ரத்தமா?” என்றான் ஒருவன். கிட்டத்தட்ட சரிதான். நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவுமுறையான ஒரு புரதம் அது. முடிச்சுக்குள் வாழ்ந்து காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கும் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜனை அளந்து கொடுக்கிறது. பல வருடம் கரும்பலகையில் வரைந்து காட்டியதைப் பற்றி அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர்கள் என்னிடம் திருப்பிக் கேள்வி கேட்டார்கள். சில முடிச்சு ஏன் பச்சையாக இருக்கிறது, பாசிப்பயறு போட்டாலும் முடிச்சு வருமா, அந்த நைட்ரஜன் பக்கத்துப் பாத்தித் தக்காளிக்குப் போகுமா என்று மணி அடித்த பிறகும் நின்றார்கள்.

எதை விதைப்பது, எந்தப் பாத்தியில், விளைந்ததை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்பதையும் அவர்களே பேசி முடிவு செய்யட்டும். தப்பாகச் செய்து ஒரு பாத்தி போனாலும் போகட்டும். 20 சதுர மீட்டரில் அது தாங்கும்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு அளவு நாடாவோடு வருகிறேன். அதற்குள் இந்த ஆண்டின் பள்ளி நாட்காட்டி நகல் ஒன்று கிடைத்தால் விதைப்பு அட்டவணையை எழுதியே கொண்டுவருவேன். குழாய் அறைச் சாவி எத்தனை இருக்கிறது, யார் யாரிடம் இருக்கிறது என்பதையும் விசாரித்து வையுங்கள்.

அன்புடன்,
ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை