ஏப்ரல் 15 வரைக்கும்

தண்டையார்பேட்டை
மார்ச் 24

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். அம்மா உனக்காக நெத்திலிக் கருவாடு வாங்கிக் காயவைத்திருக்கிறாள். வேளைக்குச் சாப்பிடு.

போன வாரம் மெட்ரோவில் உன் காலேஜ் மேடத்தைப் பார்த்தேன். பேச்சில் என் ஸ்டேஷனை விட்டு டோல்கேட் வரை போய்விட்டேன். அமெரிக்காவில் பிஎச்டிக்கு எப்படி ஆள் எடுக்கிறார்கள் என்று அவர்தான் புரியவைத்தார். நீ விண்ணப்பித்திருக்கும் கிளினிக்கல் சைக்காலஜி, அதான் மனநலச் சிகிச்சைப் படிப்புக்குப் பல இடங்களில் நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வருமாம், எடுப்பது பத்துப் பேருக்கும் குறைவு. மார்க் எல்லாம் வாசல்வரைதான். அப்புறம், நீ யாரிடம் சேரக் கேட்டாயோ அந்தப் பேராசிரியரின் ஆராய்ச்சியும் உன் கேள்வியும் ஒட்டுகிறதா என்றுதான் பார்ப்பார்களாம். அவர் வருஷத்துக்கு ஒருவரை எடுத்தாலே பெரிசு. சில வருஷம் யாரையுமே எடுக்கமாட்டார். ஹார்பரில் முப்பது வருஷம் இருந்த எனக்கு சீனியாரிட்டி லிஸ்ட்தான் தெரியும். 'கோல்டு மெடல் வாங்கினவளுக்கு என்ன கவலை' என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உன்னிடமும்தான்.

இடம் கிடைத்தவர்கள் ஏப்ரல் 15 வரை யோசிக்கலாமாம். அவர்கள் வேண்டாம் என்றால் வெயிட்டிங் லிஸ்டில் இருப்பவர்களைக் கூப்பிடுவார்கள். காலண்டரில் அந்தத் தேதியைச் சிவப்பு மையில் சுழித்து வைத்திருக்கிறேன். அதுவரைக்கும் மனதை விடாதே. பிப்ரவரி இன்டர்வியூவுக்குப் பிறகு நீ சரியாகவே பேசவில்லை என்று அம்மா சொல்கிறாள். பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியாதா? சரி, விடு.

சித்தப்பாவைப் பற்றி விண்ணப்பத்தில் எழுதட்டுமா என்று நீ நவம்பரில் கேட்டபோது கத்தினேன். மேடத்திடம் அதையும் சொன்னேன். சொந்தக் கதை அதிகமானால் தேர்வு செய்பவர்கள் தயங்குவார்கள், எழுதாததே நல்லது என்றார். எனக்கு மனசு ஆறவில்லை. நான் அதற்காகவா வேண்டாம் என்றேன்? அவன் கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரே ஒரு தடவை போனேன், பிஸ்கட் பாக்கெட்டோடு கேட் வரைக்கும். டீக்கடையில் நம் தெரு ஆள் ஒருவர் நின்றார். அப்படியே திரும்பிவிட்டேன். 'பார்த்தேன், நன்றாக இருக்கிறான்' என்று பாட்டியிடம் சொன்னேன். அந்த பிஸ்கட்டை நீதான் தின்றாய். உனக்கு அப்போது நாலு வயது.

இனி அவனைப் பற்றி எங்கே எழுத வேண்டுமோ எழுது. என்னைக் கேட்க வேண்டாம். ஏப்ரல் 15 வரைக்கும் மனதை விடாதே. ஞாயிறு காலை போன் பண்ணு, நான் எங்கேயும் போகமாட்டேன். வேளைக்குச் சாப்பிடு.

அப்பா