கடலில் ஓடும் கரண்ட்

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேரன் மணலில் குந்தியிருக்கிறான், அவனுக்குப் பின்னால் மஞ்சள் பலகை, அதில் 'ஸ்ட்ராங் கரண்ட்ஸ்' என்று இங்கிலீஷில். 31 வருஷம் கம்பம் ஏறினவனுக்கு அந்தச் சொல்லைப் பார்த்தாலே கை தன்னால் பின்னுக்குப் போகும். எல்.சி. என்கிற, லைனை நிறுத்தி வேலை செய்யும் அனுமதியை வாங்கி, லைன் ஆஃப் என்று போனில் சொன்ன பிறகும், மிச்சக் கரண்ட்டைத் தரைக்கு இறக்கும் எர்த் ராடைக் கம்பியில் மாட்டும்வரை விரல் நுனியைக்கூட நான் அதன் பக்கம் கொண்டுபோனதில்லை. நீ படித்த முதல் இங்கிலீஷ் வார்த்தையும் அதுதான். 'தொடாதே, கரண்ட்!' என்று சுவிட்ச் போர்டைக் காட்டி அம்மா சொல்லிக்கொடுத்தாள்.

அகராதியை எடுத்துப் பார்த்தேன். தண்ணீருக்குத்தான் முதலில் அந்தச் சொல். லத்தீனில் ஓடுவதைக் குறிக்கும் சொல், பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்திருக்கிறது. மின்சாரத்தையும் ஒரு வகைத் திரவமாக அந்தக் காலத்தில் நினைத்ததால், 18ஆம் நூற்றாண்டில் அதே பெயர் அதற்கும் ஒட்டிக்கொண்டது. பணத்துக்குக் கரன்சி என்று பெயர் வந்ததும் அந்த வேரில்தான். பாங்கில் கரண்ட் அக்கவுண்ட் என்கிறோமே, அதைத் தமிழில் நடப்புக் கணக்கு என்கிறோம். அவர்களுக்கு ஓடுவது நமக்கு நடக்கிறது, காசோ செல்கிறது. 2016 நவம்பரில் 'செல்லாது' என்ற அந்த ஒரு வார்த்தைக்காக எவ்வளவு நேரம் வரிசையில் நின்றோம்!

அப்புறம் ஒரு விஷயம், எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்று சொன்ன பெஞ்சமின் பிராங்க்ளின் தபால் துறை அதிகாரியாகவும் இருந்தவர். இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா வரும் தபால் கப்பல்கள், சரக்குக் கப்பல்களைவிட ஏன் இத்தனை நாள் பிந்துகின்றன என்று 1768இல் லண்டனில் விசாரித்தார். திமிங்கில வேட்டைக் கப்பலோட்டியான அவருடைய சொந்தக்காரர் திமோத்தி ஃபோல்ஜர்தான் பதில் சொன்னார். தபால் கப்பல்காரர்கள் கல்ஃப் ஸ்ட்ரீம் என்ற பெரிய நீரோட்டத்தை எதிர்த்து ஓட்டுகிறார்கள், நாங்கள் எடுத்துச் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று. அவர் காட்டிய பாதையைப் பிராங்க்ளின் வரைபடமாக அச்சடித்தார். தண்ணீரின் கரண்டும் கம்பியின் கரண்டும் ஒரே மனுஷன் கைக்கு வந்திருக்கின்றன, பார்.

சரி, இப்போது நான் சொல்ல வந்தது. நம் ஊரில் தண்ணீரின் கரண்டுக்கு இழுப்பு என்று பெயர். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் பவானி கூடுதுறையில் உன் தாத்தா என்னை இடுப்பளவுக்கு மேல் விடமாட்டார். ஆற்று இழுப்பு கண்ணுக்குத் தெரியும், குப்பை கூளம் எல்லாம் ஒரே பக்கமாகப் போகும். கடலில் அப்படி இல்லை. அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர், மணலில் ஓர் ஒடுங்கிய பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கடலுக்கே திரும்பி ஓடுகிறது. ரிப் கரண்ட் என்கிறார்கள். இரண்டு பக்கமும் வெள்ளையாக அலை உடையும்போது நடுவில் அலையே இல்லாமல், கொஞ்சம் கருத்து, சாதுவாக ஓர் இடம் தெரியும். குழந்தையை இறக்க இதுதான் நல்ல இடம் என்று தோன்றும், அதுதான் ரிப். வேகம் எடுத்தால் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டும், நன்றாக நீந்தத் தெரிந்தவர்கூட எதிர்த்து நீந்த முடியாது. சும்மா தொங்குகிற கம்பியைத்தான் கண்ணு நான் அதிகம் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

அது ஆளைக் கீழே இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். நேராகக் கரையைப் பார்த்து நீந்திச் சோர்ந்துபோகிறவர்கள்தான் மூழ்குகிறார்கள். மாட்டிக்கொண்டால் மிதந்தபடி கையைத் தூக்கிக் காட்டு. தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, அலை உடைகிற பக்கம் பார்த்து நீந்து, அந்த அலையே கரைக்குத் தள்ளிவிடும். உங்கள் ஆஸ்திரேலியாவில் சிவப்பும் மஞ்சளுமாகக் கொடி நட்டிருப்பார்களாமே, அந்த இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்கு. கொடி இல்லாத இடத்தில் பையனுடைய கால்கூட நனைய வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை போனால் முதலில் மேட்டில் பத்து நிமிஷம் நின்று, அலை உடையாத இடம் எது என்று அவனையே கண்டுபிடிக்கச் சொல். அதை வீடியோ எடுத்து அனுப்பு, நானும் பார்த்துச் சொல்கிறேன்.

அப்பா